பெட்ரோலில் 20% எத்தனால்: அதற்காக நாம் விட்டுக்கொடுப்பது என்ன?

உங்கள் பைக்கில் ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டால், அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலே கிடையாது. அது எத்தனால். கரும்பிலிருந்தோ, அரிசியிலிருந்தோ, மக்காச்சோளத்திலிருந்தோ வந்தது. பங்க்கில் ஒட்டியிருக்கும் 'இ20' ஸ்டிக்கருக்கு அர்த்தம் அதுதான்.

2025 ஆகஸ்ட்டில் இந்த இ20 பற்றி சமூக வலைதளங்களில் பெரிய சண்டையே நடந்தது. மைலேஜ் குறையுது, பழைய வண்டிக்கு ஆகாது, எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேணும் என்று வாகன ஓட்டிகள் கொதித்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுநல மனுவை செப்டம்பர் 1 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சண்டையும் மெல்ல அடங்கியது.

ஆனால் அந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஒரு லிட்டர் எத்தனால் ஆகாமல் இருந்திருந்தால், அது வேறு என்னவாக ஆகியிருக்கும்? சர்க்கரையா, சோறா, முட்டையா?

பொருளாதாரம் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் இரண்டு விஷயங்கள் இந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. ஒன்று, வாய்ப்புச் செலவு. இன்னொன்று, உற்பத்தி வாய்ப்பு வளைகோடு. பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தில் பார்த்துவிட்டு மறந்துபோன பெயர்களாக இருக்கலாம். எத்தனால் கதையை வைத்தே இரண்டையும் பார்த்துவிடலாம்.

வாய்ப்புச் செலவு: பில்லில் வராத செலவு

மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டு, ஒருவர் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கச் சென்னைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம். கோச்சிங் கட்டணமும் புத்தகமும் சேர்த்து 60,000 ரூபாய். "எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டால் அந்த 60,000-ஐத்தான் சொல்வார். சாப்பாடும் தங்குமிடமும் வேலையில் இருந்தாலும் ஆகியிருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுவோம்.

ஆனால் வேலையில் இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் 6 லட்சம் ரூபாய் சம்பளம் வந்திருக்கும். அதை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். யாரும் ரசீது கொடுக்கவில்லை, பர்ஸிலிருந்தும் எடுக்கவில்லை. ஆனாலும் அது செலவுதான். அப்படிப் பார்த்தால் உண்மையான செலவு 6 லட்சத்து 60 ஆயிரம். அதற்காகப் படிக்கப் போகக் கூடாது என்று அர்த்தமில்லை. வேலை கிடைத்தால் அதற்குமேல் லாபம் வரலாம். முடிவெடுக்கும்போது எந்தத் தொகையை எதிரில் வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம்.

இதுதான் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, கைவிட்ட மற்ற வழிகளில் எது ரொம்ப நல்லதோ, அதன் மதிப்பு. ஆஸ்திரிய அறிஞர் ஃபிரீட்ரிக் ஃபான் வீஸர் இந்தச் சிந்தனையை நூறு வருடங்களுக்கு முன்பே வளர்த்தெடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கைவிட்ட எல்லா வழிகளையும் கூட்டக் கூடாது. அவர் அந்த நேரத்தில் வேலையிலும் இருந்து, கடையும் வைத்து, வெளிநாடும் போயிருக்க முடியாது. அடுத்து எது சிறந்ததோ அது ஒன்றுதான் கணக்கு. எத்தனால் விவாதத்தில் இந்த இடம் நமக்குத் தேவைப்படும்.

ஒரு டன் கரும்பை வைத்து ஒரு வளைகோடு

இப்போது ஒரு டன் கரும்பை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை ஆலைக்கு அதை வைத்து இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, வழக்கமானது. சாற்றைக் காய்ச்சி முழுக்கச் சர்க்கரை எடுப்பது. சுமாராக 100 கிலோ சர்க்கரை கிடைக்கும். இனிமேல் சர்க்கரை எடுக்க முடியாது என்ற நிலையில் மிஞ்சும் கழிவுப் பாகு, அதாவது மொலாசஸ். அதை நொதிக்கவைத்தால் ஏறக்குறைய 11 லிட்டர் எத்தனால் கிடைக்கும்.

இரண்டாவது வழி, சர்க்கரையே எடுக்காமல் சாற்றை அப்படியே எத்தனால் ஆக்குவது. சுமார் 70 லிட்டர் கிடைக்கும். சர்க்கரை பூஜ்யம்.

மனசுக்குள் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். கீழ்க்கோட்டில் எத்தனால், மேல்நோக்கிய கோட்டில் சர்க்கரை. 100 கிலோ சர்க்கரையும் 11 லிட்டரும் ஒரு புள்ளி. பூஜ்யம் சர்க்கரையும் 70 லிட்டரும் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் வருவதுதான் உற்பத்தி வாய்ப்புக் கோடு. நம்மிடம் இருக்கும் பொருளையும் தொழில்நுட்பத்தையும் முழுசாகப் பயன்படுத்தினால் எது எவ்வளவு கிடைக்கும் என்பதை அது காட்டும். பாடப்புத்தகங்களில் இதையே துப்பாக்கியா வெண்ணெயா என்று கேட்டு விளக்குவார்கள்.

முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்தால் 59 லிட்டர் எத்தனால் கூடும், 100 கிலோ சர்க்கரை போய்விடும். வகுத்துப் பார்த்தால், ஒரு லிட்டர் எத்தனாலின் வாய்ப்புச் செலவு சுமார் 1.7 கிலோ சர்க்கரை.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. கரும்புச் சாற்றிலிருந்து வரும் எத்தனாலுக்கு அரசு வைத்திருக்கும் கொள்முதல் விலை லிட்டருக்கு 65.61 ரூபாய். ஆலையில் சர்க்கரை கிலோ 38 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1.7 கிலோவின் விலை 64.60 ரூபாய். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதைப் பாருங்கள். இதைவிடக் குறைவாகக் கொடுத்தால் ஆலை சர்க்கரைப் பக்கம் போய்விடும்.

வளைகோட்டுக்கு உள்ளே இருந்தவரை எல்லாம் ஃப்ரீ

2013-14-ல் இந்தியா பெட்ரோலில் கலந்த எத்தனால் வெறும் 1.5%. பெரும்பாலும் கழிவுப் பாகிலிருந்து வந்தது. அதற்காக யாரும் ஒரு கரண்டி சர்க்கரையைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு 2017-18-ல் சர்க்கரை உற்பத்தி எகிறியது. விலை விழுந்தது. ஆலைகள் கரும்பு விவசாயிகளுக்கு வைத்த பாக்கி நாடு முழுக்க 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தச் சமயத்தில்தான், 2018-ல், புதிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. கரும்புச் சாற்றிலிருந்தும், கெட்டுப்போன தானியங்களிலிருந்தும் எத்தனால் எடுக்க அனுமதி கிடைத்தது.

பொருளாதார மொழியில் சொன்னால், நாடு அப்போது வளைகோட்டுக்கு உள்ளே இருந்தது. யாரும் வாங்காத சர்க்கரை குடோனில் கிடக்கிறது, சாப்பிட முடியாத தானியம் கிடக்கிறது. அதை எத்தனால் ஆக்கினால் இழப்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாய்ப்புச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். விவசாயிக்குப் பணம் வந்தது, கச்சா எண்ணெய் இறக்குமதியும் குறைந்தது. திட்டத்துக்கு அப்போது நல்ல பெயர் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

2022 ஜூனில் 10% கலப்பு இலக்கை, கெடுவுக்கு ஐந்து மாதம் முன்பே எட்டினோம். 20% இலக்கு முதலில் 2030-க்கு இருந்தது. அதை 2025-26-க்கு முன்னால் இழுத்தார்கள். 2025-லேயே 20%-ஐத் தொட்டும் விட்டோம்.

இப்படி ஓடும்போதுதான் இன்னொரு பாடம் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அதன் பெயர், அதிகரிக்கும் வாய்ப்புச் செலவு விதி. முதல் சில லிட்டர்கள் கழிவிலிருந்து வரும். அடுத்து உபரியிலிருந்து. அதுவும் தீர்ந்தால் நல்ல அரிசி. அதற்கும் மேல் போனால் வயலையே மாற்ற வேண்டும். ஒவ்வொரு கூடுதல் லிட்டருக்கும் முந்தைய லிட்டரைவிட அதிகமாக விட்டுக்கொடுக்க வேண்டிவரும். வளைகோடு நேராக இல்லாமல் வெளிப்பக்கமாக வளைந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

2023: கோட்டைத் தொட்ட வருடம்

2023-ல் எல் நினோ வந்தது. பருவமழை சொதப்பியது. கரும்பு விளைச்சல் குறையும், அரிசி விலை ஏறும் என்ற பயம் கிளம்பியது. அந்த ஒரே வருடத்தில் அரசு எடுத்த முடிவுகளை வரிசையாகப் பாருங்கள்.

ஜூலை மாதம் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. அதே மாதம், எத்தனால் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகம் கொடுத்துவந்த அரிசியும் நிறுத்தம். டிசம்பர் 7 அன்று, அந்தப் பருவத்தில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு. ஆலைகள் அலறியதும் ஒரே வாரத்தில், 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்கு மட்டும் திருப்பிவிடலாம் என்று தளர்வு. 2024 ஆகஸ்ட்டில்தான் அந்தக் கட்டுப்பாடு முழுசாக நீங்கியது.

கொள்கையில் ஏன் இத்தனை யூ-டர்ன்? உபரி இருந்தவரை 'சர்க்கரையும் உண்டு, எத்தனாலும் உண்டு' என்று சொல்ல முடிந்தது. மழை பொய்த்ததும் கோடே உள்நோக்கிச் சுருங்கிவிட்டது. இரண்டில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை. சாப்பாட்டுப் பக்கம் நிற்க அரசு முடிவெடுத்தது.

அதே வருடம் நடந்த இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். கர்நாடகாவில் புதிதாக வந்த காங்கிரஸ் அரசு, அன்ன பாக்யா திட்டத்தில் ஒருவருக்குக் கூடுதலாக 5 கிலோ அரிசி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது. அதற்கு உணவுக் கழகத்திடம் கிலோ 34 ரூபாய்க்கு அரிசி வாங்கத் தயாராக இருந்தது. ஆனால் வெளிச்சந்தை விலையைக் கட்டுப்படுத்தக் கையிருப்பு தேவை என்று சொல்லி, மாநிலங்களுக்கு விற்பதை மத்திய அரசு ஜூனில் நிறுத்தியது. அரிசி கிடைக்காததால் கர்நாடகா ஜூலையிலிருந்து கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் பணமாகக் கொடுத்தது. எத்தனால் ஆலைகளுக்கு அதுவரை உணவுக் கழகம் அரிசி கொடுத்த விலை கிலோ 20 ரூபாய்.

இந்த விஷயத்தில் அரசியல் ரீதியாக யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். பொருளாதார மாணவர் பார்க்க வேண்டியது இதுதான்: ஒரு கிலோ அரிசிக்கு 34 ரூபாய் கொடுக்க ஓர் ஆள் தயாராக இருக்கும்போது, அதை 20 ரூபாய்க்கு எரிபொருளாக்க விற்றால், அந்த எத்தனாலின் உண்மைச் செலவு 20 ரூபாய்க் கணக்கில் அடங்காது.

ஒரு ஃபுல் டேங்க், ஒரு மாத ரேஷன்

இப்போது நிலைமை மறுபடி மாறிவிட்டது. அடுத்தடுத்து நல்ல விளைச்சல். உணவுக் கழகத்தின் கையிருப்பு, வைத்திருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2024-25 எத்தனால் வருடத்துக்கு 52 லட்சம் டன் அரிசியை ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள். விலை கிலோ 22.50 ரூபாய். ஆனால் அந்த அரிசியை வாங்கி, சேமித்து, கையாள அரசுக்கு ஆகும் செலவு கிலோவுக்குச் சுமார் 40 ரூபாய்.

ஒரு டன் அரிசியிலிருந்து ஏறக்குறைய 450 லிட்டர் எத்தனால் வரும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்த 5 கிலோ அரிசியில் கிடைப்பது 2.25 லிட்டர். உங்கள் பைக்கின் டேங்க் 11 லிட்டர் பிடிக்கும் என்றால், இ20-யை நிரப்பும்போது உள்ளே போகும் எத்தனால் 2.2 லிட்டர். அது முழுக்க அரிசியிலிருந்து வந்திருந்தால், ஒரு ஃபுல் டேங்குக்கு ஒருவரின் ஒரு மாத ரேஷன்.

52 லட்சம் டன்னையும் இப்படிப் பிரித்தால், ஏறக்குறைய 8.6 கோடி பேருக்கு ஒரு வருடத்துக்கு மாதம் 5 கிலோ கொடுக்கலாம்.

அதிர்ச்சியாக இருக்கிறதா? கொஞ்சம் நில்லுங்கள். முதலில் சொன்ன விதியை இங்கே பயன்படுத்தணும். அடுத்த சிறந்த வழி எதுவோ, அதுதான் வாய்ப்புச் செலவு. அந்த அரிசியை உண்மையிலேயே மக்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் திட்டம் அரசிடம் இருந்திருந்தால் 8.6 கோடி பேர் என்ற கணக்கு நிற்கும். குடோனில் கிடந்து வீணாவதுதான் அடுத்த வழி என்றால், வாய்ப்புச் செலவு ரொம்பக் குறைவு. ஏற்றுமதி செய்திருக்க முடியும் என்றால், அந்த விலைதான் செலவு.

எத்தனாலை ஆதரிப்பவர்கள் 'எப்படியும் வீணாகப் போகும் அரிசிதானே' என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் 'ஏழைகள் சாப்பிட வேண்டிய அரிசி' என்கிறார்கள். இரண்டு தரப்பும் சண்டை போடுவது எத்தனாலைப் பற்றி மாதிரி தெரிந்தாலும், அடிப்படையில் அடுத்த சிறந்த வழி எது என்பதைப் பற்றித்தான். அதை முதலில் பேசி முடித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாமக்கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அரிசியும் கரும்பும் கட்டுப்பாட்டில் சிக்கிய நேரத்தில், எத்தனால் ஆலைகளின் பார்வை மக்காச்சோளம் பக்கம் திரும்பியது. அரசும் ஊக்கம் கொடுத்தது. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய். கரும்புச் சாறு எத்தனாலைவிட 6 ரூபாய்க்கு மேல் அதிகம்.

2018-19-ல் மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் வரவே இல்லை என்று சொல்லிவிடலாம். 2023-24-ல் அதுதான் நம்பர் ஒன் மூலப்பொருள். அந்த வருடம் 280 கோடி லிட்டருக்கு மேல் மக்காச்சோளத்திலிருந்து வந்தது. ஒரு டன்னுக்கு 380 லிட்டர் என்று கணக்குப் போட்டால், ஏறக்குறைய 75 லட்சம் டன் மக்காச்சோளம். நாட்டின் மொத்த விளைச்சல் அப்போது சுமார் 3.76 கோடி டன். ஐந்தில் ஒரு பங்கு டேங்குக்குப் போய்விட்டது.

அதுவரை மக்காச்சோளத்தை அதிகம் வாங்கியது யார்? கோழிப் பண்ணைகள். நாமக்கல்லின் முட்டைக்கோழித் தீவனத்தில் பாதியளவுக்கு மக்காச்சோளம்தான். முட்டை உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீவனம்.

ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் சாப்பிடும். பாதி மக்காச்சோளம் என்றால் 55 கிராம். ஒரு லிட்டர் எத்தனாலுக்குத் தேவை 2.6 கிலோ மக்காச்சோளம். அதாவது ஒரு கோழிக்கு ஒன்றரை மாதத்துக்குத் தேவையான மக்காச்சோளம். எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் புரதச் சக்கை, அதாவது டிடிஜிஎஸ், மறுபடி தீவனமாக வரும் என்பதையும் சொல்லியாகணும். அது தானிய எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஆனால் மாவுச்சத்து எத்தனாலாகப் போய்விடுவதால், மக்காச்சோளம் செய்யும் வேலை முழுவதையும் அதனால் செய்ய முடியாது.

விளைவு என்ன? மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 2024-ல் மியான்மர், உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. சுமார் 5 லட்சம் டன் வரை குறைந்த வரியில் கொண்டுவர அரசு அனுமதித்தது. கோழிப் பண்ணையாளர்கள் வரியை முழுசாக நீக்கச் சொன்னார்கள். கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் தொடங்கிய திட்டம், மக்காச்சோள இறக்குமதியைக் கொண்டுவந்து சேர்த்தது.

முட்டை விலைக்குக் குளிர்காலம், ஏற்றுமதி, நோய் என்று நிறைய காரணம் உண்டு. ஏறிய ஒவ்வொரு பைசாவுக்கும் எத்தனால்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் பள்ளி நாட்களில் சத்துணவில் தினம் ஒரு முட்டை கொடுக்கிறோம். தீவனம் விலை ஏறினால் அதன் பாரம் எங்கெல்லாம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பங்க்கில் ஒட்டிய எந்தப் போர்டிலும் அந்தச் செலவு வராது.

விவசாயி என்ன செய்தார்?

விலை ஏறினால் விவசாயி சும்மா இருப்பாரா? இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. பெரம்பலூர் மாதிரி ஊர்களில் மக்காச்சோளமா பருத்தியா என்பது ஒவ்வொரு ஆடிப் பட்டத்திலும் வரும் கேள்வி. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் அது மக்காச்சோளமா சோயாபீன்ஸா என்று வரும்.

நாடு முழுக்க மக்காச்சோளப் பரப்பு கூடியது. 2024-25-ல் விளைச்சல் 4.3 கோடி டன்னை ஒட்டிப் போனது. நிலம் ஒன்றுதான் என்பதால், அந்தப் பரப்பில் ஒரு பகுதி எண்ணெய் வித்துகளிடமிருந்து வந்தது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஓர் எண்ணெயின் இறக்குமதியைக் குறைக்கும் முயற்சி, இன்னொரு எண்ணெயின் இறக்குமதியைக் கூட்டலாம்.

பிறகு கதையில் ஒரு திருப்பம். 2025-ல் உணவுக் கழக அரிசி எத்தனால் ஆலைகளுக்கு மலிவாக வந்தது, மக்காச்சோள அறுவடையும் அமோகம். விலை சரிந்தது. கர்நாடகாவில் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் இருக்க, சந்தையில் 1,600 முதல் 1,800 வரைதான் கிடைத்தது. நவம்பரில் விவசாயிகள் போராடினார்கள், முதல்வர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எத்தனாலை நம்பி மக்காச்சோளம் போட்டவர், சோயாவையோ பருத்தியையோ விட்டுக்கொடுத்திருந்தார். அவருடைய வாய்ப்புச் செலவை யாரும் ஈடுகட்டவில்லை.

தண்ணீரும் ஒரு கணக்கு

இன்னொரு செலவு விலைப்பட்டியலில் வரவே வராது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே சொல்கிறது: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் தேவை. பல மாநிலங்களில் பம்புசெட் கரண்ட் இலவசம் அல்லது மலிவு. நிலத்தடி நீருக்கு விலையே இல்லை. விலை இல்லாததால் செலவும் இல்லை என்று ஆகிவிடாது. பக்கத்து வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீர், அடுத்த வருடத்துக்கு மிஞ்ச வேண்டிய தண்ணீர், இதெல்லாம் அதன் வாய்ப்புச் செலவு.

மைலேஜ் பற்றியும் அதே அறிக்கையில் இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10% கலப்புக்கு ஏற்ப டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் எரிபொருள் திறன் 6 முதல் 7% வரை குறையலாம். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த டூவீலர்களில் 3 முதல் 4%.

சரி, எத்தனாலை நிறுத்திவிடலாமா?

அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வர வேண்டாம். வாய்ப்புச் செலவு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. எத்தனால் கலக்காமல் இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு.

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85%-க்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை எத்தனால் கலப்பால் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அன்னியச் செலாவணி மிச்சமானதாக மத்திய அரசு சொல்கிறது. 20% கலப்பில் ஒரே வருடத்தில் விவசாயிகளுக்கு 40,000 கோடி ரூபாய் போகும் என்பதும் அரசின் கணக்கு. வளைகுடாவில் போர் மூண்டால், உள்நாட்டில் கொஞ்சம் எரிபொருள் இருப்பது ஒரு காப்பீடு மாதிரி. அதையெல்லாம் வேண்டாம் என்று சொன்னால், இழப்பது அவற்றைத்தான்.

கோட்டையே வெளியே தள்ளும் வழியும் இருக்கிறது. பானிபட்டில் 2022 ஆகஸ்ட்டில் தொடங்கிய 2ஜி ஆலை, வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். வயலில் கொளுத்திவிடும் வைக்கோலுக்கு வாய்ப்புச் செலவு ரொம்பக் குறைவு. ஆனால் நாட்டுக்கு வருடம் ஆயிரம் கோடி லிட்டருக்கு மேல் தேவை. 3 கோடி எங்கே, ஆயிரம் கோடி எங்கே? ஏக்கருக்கு விளைச்சலைக் கூட்டினாலும் கோடு வெளியே நகரும். அதற்கு வருடங்கள் ஆகும்.

அடுத்த சண்டை இப்போதே தெரிகிறது

எத்தனால் ஆலைகளின் மொத்தத் திறன் 1,800 கோடி லிட்டரைத் தாண்டிவிட்டது. 20% கலப்புக்குத் தேவையோ ஆயிரம் கோடி சொச்சம். மிச்சத் திறன் சும்மா நிற்கிறது. 'இவ்வளவு முதலீடு போட்டாச்சு, 27% அல்லது 30% கலப்புக்குப் போகலாம்' என்ற குரல் தொழில்துறையிலிருந்து வருகிறது.

இந்த வாதம் கேட்கும்போது உஷாராக இருங்கள். ஆலை கட்டிய பணம் ஏற்கனவே போய்விட்டது. கலப்பைக் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் அது திரும்பி வராது. பொருளாதாரத்தில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். இரண்டு வருடம் படித்தாச்சு என்பதற்காகவே மூன்றாவது வருடமும் படிப்பது சரியான காரணம் ஆகாது இல்லையா, அது மாதிரிதான். இனிமேல் போடும் கூடுதல் லிட்டர் எங்கிருந்து வரும், அதற்காக எது போகும் என்பது மட்டும்தான் கேள்வி.

எனவே 'இ27 வருகிறது' என்று அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்தால், மைலேஜை மட்டும் பார்க்காமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கூடுதல் எத்தனால் கழிவிலிருந்தா, உபரியிலிருந்தா, வயலிலிருந்தா? அந்தப் பொருள் எத்தனால் ஆகாவிட்டால் உண்மையிலேயே எங்கே போயிருக்கும்? மழை பொய்க்கும் வருடத்தில் கலப்பைக் குறைக்கும் ஏற்பாடு உத்தரவில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதா, இல்லை 2023 மாதிரி டிசம்பரில் திடீரென்று வருமா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். 2018-ல் கிட்டத்தட்ட இலவசமாக இருந்த லிட்டர் 2023-ல் இலவசமாக இருக்கவில்லை. எத்தனால் அதே எத்தனால்தான், மழை மாறியது. கலப்பு விகிதம் மட்டும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால், மழை பொய்க்கும் வருடத்துச் செலவு யாரோ ஒருவர் தலையில் விழும். 2023-ல் ஆலைகள் தலையில் விழுந்தது, 2024-ல் கோழிப் பண்ணைகள் தலையில், 2025-ல் கர்நாடக மக்காச்சோள விவசாயி தலையில். அடுத்தது யார் என்பதை இலக்கை நிர்ணயிக்கும்போதே அரசு சொல்லிவிட வேண்டும்.